"எனக்கென்ன மறைக்க இருக்கு?": தனியுரிமை நமக்குக் கிடைத்த கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

காலேஜ் முடிச்சதும் முதல் வேலை. சாப்பாடு டெலிவரி பண்ற ஒரு ஆப்போட சாஃப்ட்வேர் டீம். சேர்ந்த மூணாவது வாரமே நிஜ வாடிக்கையாளர்களோட டேட்டாபேஸ் என் கையில. ஒரு நைட் ஷிஃப்ட்ல போர் அடிச்சது. காலேஜ் ஃபிரெண்டு ஒருத்தனோட போன் நம்பரைப் போட்டுத் தேடினேன். ரெண்டு வருஷத்து ஆர்டர் வந்து நின்னுச்சு. ஒரு அட்ரஸ் அவன் வீடு. இன்னொரு அட்ரஸுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாம ரெண்டு பேருக்குச் சாப்பாடு. அவன் எங்க யார்கிட்டயும் சொல்லாத விஷயம். சட்டுனு மூடிட்டேன். என்னை யாரும் கேக்கல. யார் எதைத் தேடினாங்கன்னு பதிவாகிற லாக்கே அங்க கிடையாது.

அவன் எந்தத் தப்பும் செய்யல. ஆனா அவன் வாழ்க்கையில ஒரு அறைக்குள்ள நான் கேக்காம நுழைஞ்சுட்டேன். அதுக்கப்புறம் "எனக்கென்ன மறைக்க இருக்கு, பாத்தா பாத்துட்டுப் போகட்டும்"னு யாராவது சொன்னா என்னால தலையாட்ட முடியல.

தனியுரிமை, அதாவது பிரைவசி, நம்ம அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017-இல். அதுக்கு 55 வருஷம் முன்னாடி அதே நீதிமன்றம் அப்படி ஒரு உரிமை இல்லைன்னு சொல்லியிருந்தது. நடுவுல என்ன நடந்தது? அந்தக் கதையில வர்றவங்க பல பேர் நமக்குப் பிடிக்காத ஆளுங்க. அதுதான் இதுல முக்கியமே.

முதல் ஆள் கரக் சிங், உத்தரப் பிரதேசம். 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, ஆதாரம் இல்லைன்னு விடுவிக்கப்பட்டவர். ஆனா போலீஸ் அவரை விடவில்லை. அவர் பேரில் ஒரு ஹிஸ்டரி ஷீட் திறந்தார்கள். வீட்டை மறைஞ்சு நின்னு கண்காணிக்கலாம், ராத்திரியில வீட்டுக்கே வந்து பாக்கலாம், எங்க போறார் வர்றார்னு குறிச்சு வைக்கலாம்னு போலீஸ் விதிமுறையே இருந்தது. நடுராத்திரியில கதவைத் தட்டி எழுப்புறாங்கன்னு அவர் உச்ச நீதிமன்றம் போனார்.

1962 டிசம்பரில் தீர்ப்பு. ராத்திரி வீடு புகுவது மட்டும் செல்லாது. நடமாட்டத்தைக் குறிச்சு வைக்கிறது தப்பில்லை, ஏன்னா தனியுரிமை அரசியலமைப்பு உறுதி தந்த உரிமை இல்லைன்னு பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னாங்க. கவனிச்சீங்களா? கதவைத் தட்டினாதான் தப்பு, சத்தமில்லாமப் பின்தொடர்ந்தா பரவாயில்லை. இன்னைக்கு நம்ம போன் செய்யற லொகேஷன் ட்ராக்கிங் எந்தக் கதவையாவது தட்டுதா?

ஆறு நீதிபதிகள்ல ரெண்டு பேர் ஒத்துக்கல. ஒருத்தர் சுப்பா ராவ், நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர். ரோடு திறந்திருந்தாலும், எந்நேரமும் ஒரு கண் தன் மேல இருக்குன்னு தெரிஞ்ச மனுஷன் சுதந்திரமா நடக்க முடியாதுங்கிறதுதான் அவர் வாதத்தோட சாரம். அந்தக் கருத்து ஜெயிக்க 55 வருஷம் ஆச்சு.

அடுத்த கதை நம்ம ஊர்ல. ஆட்டோ சங்கர். ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர். சிறையில் இருந்தபடி தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். அதிகாரிகளுக்கும் தனக்கும் இருந்த தொடர்பெல்லாம் அதில் இருக்குன்னு பேச்சு. நக்கீரன் வெளியிடப் போறதா அறிவிச்சது. 1994 ஜூனில் சிறைத்துறை ஐ.ஜி.யிடமிருந்து கடிதம்: இது பொய், வெளியிடக் கூடாது. நக்கீரன் கோபால் உச்ச நீதிமன்றம் போனார்.

அக்டோபரில் வந்த தீர்ப்பு ரெண்டு விஷயத்தைச் சேர்த்துச் சொன்னது. ஒண்ணு, ஒவ்வொரு குடிமகனுக்கும் தன் பாட்டுக்கு இருக்க விடச் சொல்லிக் கேக்கிற உரிமை உண்டு. ரெண்டாவது, அரசு அதிகாரி தன் பதவி சார்ந்த செயலுக்கு அந்தப் போர்வையைப் போத்திக்க முடியாது. அவதூறா இருக்கும்னு பயந்து முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்கவும் அரசுக்கு அதிகாரம் இல்லை. குடிமகனுக்குத் திரை வேணும், அதிகாரத்துக்கு ஜன்னல் வேணும். பிரைவசியும் பேச்சுரிமையும் எதிரிங்க இல்லைன்னு ஒரு கொலைக் குற்றவாளியோட வழக்குதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தது.

1996-இல் போன் ஒட்டுக்கேட்பு வழக்கு. அரசியல்வாதிகளோட போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டது வெளிய வந்ததும் பி.யு.சி.எல். தொடுத்தது. 1885-ஆம் வருஷத் தந்திச் சட்டம்தான் அப்பவும் ஆதாரம். நீதிமன்றம் கட்டுப்பாடு போட்டது: உள்துறைச் செயலாளர் உத்தரவு வேணும், ரெண்டு மாசம் கெடு, நீட்டிச்சாலும் மொத்தம் ஆறு மாசம். ஆனா நீதிபதியோட அனுமதி வேணும்னு சொல்லல. உத்தரவு போடறதும் அரசுச் செயலாளர், அதைச் சரிபார்க்கிற குழுவும் செயலாளர்கள். இன்னைக்கும் அப்படித்தான்.

அப்புறம் ஆதார். கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-இல் வழக்குப் போட்டார். 2015-இல் மத்திய அரசு தரப்பில் என்ன வாதிட்டாங்க தெரியுமா? பிரைவசி அடிப்படை உரிமையே இல்லை, கரக் சிங் தீர்ப்பைப் பாருங்கன்னு! அதுக்குப் பதில்தான் 2017 ஆகஸ்ட் 24 தீர்ப்பு, 547 பக்கம். புட்டசாமிக்கு அப்ப வயசு 91.

சரி, சுபம் போடலாமா? 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கம்பெனிகளுக்கு நிறைய விதி இருக்கு. ஆனா எந்த அரசு அமைப்புக்கும் நாட்டுப் பாதுகாப்பு மாதிரி காரணங்களுக்காக விலக்கு தர மத்திய அரசால முடியும். அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கை வச்சுது. தனிநபர் தகவல்னாலும் பொது நலன் இருந்தா தரணும்னு அந்தப் பிரிவுக்குள்ளயே இருந்த நிபந்தனையை எடுத்துட்டாங்க. பொது நலனுக்காகக் கேக்க 8(2)-ன்னு வேறொரு பிரிவு இன்னும் இருக்கு. ஆனா அதிகாரி "இது பர்சனல்"னு சொல்லிக் கதவைச் சாத்துறது இப்ப முன்னைவிட ஈஸி. 1994 தீர்ப்பைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கு எனக்கு: திரை அவங்களுக்கு, ஜன்னல் நம்ம பக்கம்.

அதனால அடுத்த தடவை "மறைக்க என்ன இருக்கு"ன்னு யாராவது கேட்டா, திருப்பி ரெண்டு கேள்வி கேளுங்க. யார் பாக்கிறாங்க? அவங்க பாத்ததை யார் பாக்கிறாங்க?

அந்த வேலையில நான் எழுதின ஒரு டிக்கெட் இன்னும் ஞாபகம் இருக்கு: "யார் தேடினாலும் லாக் ஆகணும்." நான் பேப்பர் போட்டுக் கிளம்பின நாள் வரைக்கும் அது ஓப்பனாவே இருந்தது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.