சஃபோக்: கடல் கொண்ட நகரும் கிராமத்தார் காத்த கதைகளும்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் வடகடலை ஒட்டி அமைந்த வேளாண் மாவட்டம் சஃபோக். வடக்கே நார்ஃபோக், தெற்கே எசெக்ஸ், மேற்கே கேம்பிரிட்ஜ்ஷயர் ஆகியவை இதன் எல்லைகள். ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் கிழக்கு ஆங்கிலியா என்ற சிற்றரசின் தென்பகுதியாக இருந்ததால் 'தெற்கத்தி மக்கள்' என்ற பொருளில் இப்பெயர் வந்தது. இங்கு மலைகள் இல்லை. களிமண் வயல்களும் மணற்பாங்கான கடற்கரையும் சக்கிமுக்கிக் கற்களால் கட்டிய தேவாலயங்களுமே இதன் அடையாளங்கள்.

இடைக்காலத்தில் கம்பளித் துணி வணிகத்தால் இம்மாவட்டம் செழித்தது. லேவன்ஹாம் என்ற சிற்றூர் நீலத் துணிக்குப் பெயர்பெற்று, நாட்டின் செல்வ ஊர்களுள் ஒன்றாக இருந்தது. பின்னர் வணிகம் சரிந்தது. பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஊராரிடம் பணமில்லை. அதனால்தான் சாய்ந்தும் கோணியும் நிற்கும் அந்த மரச்சட்ட வீடுகள் இன்றுவரை பிழைத்திருக்கின்றன. வறுமை காத்த மரபு என்று இதைச் சொல்லலாம்.

டன்னிச்

நான் பள்ளியில் வரலாறு நடத்திய நாள்களில், 1832ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சீர்திருத்தச் சட்டம் என்ற பாடத்தில் 'அழுகிய தொகுதிகள்' பற்றி ஒரு பத்தி வரும். மக்கள் இல்லாத ஊர்களும் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பின என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். அந்த ஊர்களில் ஒன்றான டன்னிச் ஏன் ஆளில்லாமல் போனது என்று எந்த மாணவனும் கேட்கவில்லை, நானும் தேடவில்லை. ஓய்வு பெற்ற பிறகே அதைப் படித்தேன்.

டன்னிச் ஒரு காலத்தில் கிழக்குக் கரையின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கில் அதற்கு மூன்று தேவாலயங்கள் காட்டப்பட்டுள்ளன. அவ்வூர் ஹெர்ரிங் மீன்களையும் வரியாகச் செலுத்தியது. அதே கணக்கிலேயே, முன்பிருந்த உழுநிலத்தில் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது என்ற குறிப்பும் இருக்கிறது. அதாவது, ஊர் உச்சத்தை எட்டும் முன்பே அதன் அழிவு தொடங்கிவிட்டது.

ஒரே இரவில் நகரம் மூழ்கியது என்றே பலரும் எழுதுகிறார்கள். அது சரியன்று. 1286, 1287ஆம் ஆண்டுகளில் வந்த புயல்கள் கரையோரத் தெருக்களை அழித்தன. கூழாங்கற்களையும் மணலையும் தள்ளிக்கொண்டுவந்து துறைமுக வாயிலையும் அடைத்தன. ஊரார் தோண்டித் திறந்தார்கள். 1328இல் வந்த புயல் மீண்டும் அடைத்தது. ஆற்றின் முகத்துவாரம் வடக்கே நகர, கப்பல்களும் அங்கே போயின. வால்பர்ஸ்விக் முதலிய அண்டை ஊர்களோடு சுங்க உரிமைக்காக நெடுங்காலம் சச்சரவு நடந்தது. கடல் வீடுகளைப் பறிப்பதற்கு முன்பே பிழைப்பைப் பறித்துவிட்டது என்பதே என் கருத்து. வருவாய் இருந்திருந்தால் கரையைக் காக்க ஊர் செலவு செய்திருக்கும். வருவாயற்ற ஊருக்கு இடம் பெயர்வதைத் தவிர வழியில்லை.

அதன் பிறகு நடந்தது மெல்லிய சாவு. மணற்சரிவு ஆண்டுதோறும் சில அடிகள் உள்ளே வந்தது. 1677இல் கடல் சந்தைத் திடலை எட்டியது. ஊர் பெரும்பாலும் அழிந்த பிறகும் 1832 வரை இரண்டு உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தார்கள். கடைசித் தேவாலயமான அனைத்துப் புனிதர் ஆலயம் 1904 முதல் சிறிது சிறிதாகச் சரிவில் விழுந்தது. 1919இல் கோபுரமும் போயிற்று. கல்லறைத் தோட்டம் இடிந்தபோது, சரிவின் முகத்தில் எலும்புகள் நீட்டிக்கொண்டிருந்தனவாம். இன்று அங்கே ஒரு சிற்றூரும், பிரான்சிஸ்கன் மடத்தின் இடிந்த சுவர்களும், ஓர் அருங்காட்சியகமும் உள்ளன.

புயல் இரவுகளில் நீருக்கடியிலிருந்து ஆலய மணிகள் ஒலிக்கும் என்பது அப்பகுதியின் புகழ்பெற்ற நம்பிக்கை. சரிவு நெருங்கும்போது மணி, மரம், கூரை ஈயம் ஆகியவற்றை முன்கூட்டியே கழற்றி எடுத்துவிடுவதே நடைமுறையாக இருந்ததால், ஒலிக்க அங்கே மணி ஏது என்று கேட்கலாம். ஆனால் தாத்தா ஞானஸ்நானம் பெற்ற கோயில் இப்போது கடலில் கிடக்கிறது என்று அறிந்த பேரனிடம் இந்தக் கேள்வி செல்லாது. 2008க்குப் பிறகு சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சியர் தலைமையில் ஒலியலைக் கருவி கொண்டு கடலடி ஆய்வு நடந்தது. கலங்கிய நீரில் மனிதக் கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில், ஆலயங்களின் இடிபாடுகள் படமாக வெளிப்பட்டன. 1587இல் ரால்ஃப் ஏகஸ் வரைந்த ஊர் வரைபடம் அவற்றை இனங்காண உதவியது.

கறுப்பு நாயும் பச்சைக் குழந்தைகளும்

1577 ஆகஸ்ட் 4 அன்று, பங்கே ஊர்த் தேவாலயத்தில் வழிபாட்டின்போது இடிமின்னலோடு ஒரு கறுப்பு நாய் புகுந்து இருவரைக் கொன்றது என்றும், அன்றே பிளைத்பர்க் ஆலயத்திலும் அது உயிர்களைப் பறித்தது என்றும் ஆபிரகாம் ஃபிளெமிங் என்பவர் ஒரு சிறுநூல் அச்சிட்டார். பிளைத்பர்க் ஆலயக் கதவில் உள்ள கருகல் தடங்களை நாயின் நகக்கீறல்கள் என்று இன்றும் காட்டுகிறார்கள். பங்கே ஆலயப் பதிவேடோ புயலையும், மணிக்கூண்டில் இருவர் மாண்டதையும் மட்டுமே குறிக்கிறது. நாய் அதில் இல்லை. மின்னல் தாக்கியது உண்மை. நாய் அச்சகத்தில் பிறந்தது எனலாம். ஆனால் முற்றிலும் அப்படியும் அல்ல. கிழக்கு ஆங்கிலியாவில் ஒற்றையடிப் பாதைகளில் தென்படும் பேய்நாயை மக்கள் 'கறுப்பு ஷக்' என்றே அழைக்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் பேயைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததாகச் சொல்வர். பங்கே ஊர்ச் சின்னத்தில் இப்போது அந்த நாய் ஓடுகிறது.

வூல்பிட் கிராமத்துக் கதை இன்னும் பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில், ஓநாய் பிடிக்கும் குழிகளருகே பச்சை நிறத் தோலுடன் ஓர் ஆண் குழந்தையும் ஒரு பெண் குழந்தையும் கிடைத்தனராம். யாருக்கும் புரியாத மொழி பேசிய அவர்கள் பச்சை அவரை விதைகளைத் தவிர வேறெதையும் உண்ணவில்லை. சிறுவன் இறந்தான், சிறுமி பிழைத்து, ஆங்கிலம் கற்று, தங்கள் நாட்டில் சூரியன் உதிப்பதில்லை, அந்தி வெளிச்சமே உண்டு என்றாள். காகஷால் மடத்து ரால்ஃபும் நியூபர்க் வில்லியமும் இதை எழுதிவைத்துள்ளனர். சோகை நோய் கண்ட ஃபிளெமிஷ் அகதிக் குழந்தைகள் என்று சிலர் விளக்குகிறார்கள். எனக்கு இது முழு நிறைவு தரவில்லை. துணி வணிகத்தால் ஃபிளெமிஷ் மொழி அப்பகுதியில் அறியாத ஒன்றல்ல.

சட்டன் ஹூ

1939இல் எடித் பிரெட்டி என்ற பெண்மணி தம் நிலத்து மேடுகளைத் தோண்ட பேசில் பிரவுன் என்பவரை அமர்த்தியிருந்தார். பிரவுன் 12 வயதில் பள்ளியை விட்டவர், குடியானவர் மகன், தாமே படித்து அகழாய்வு கற்றவர். மரம் முழுதும் மட்கிப்போய், இரும்பு ஆணிகளின் வரிசையும் மணலில் பதிந்த தடமும் மட்டுமே மிஞ்சிய 27 மீட்டர் நீளக் கப்பலை, அந்தத் தடம் கலையாமல் வெளிக்கொணர்ந்தவர் அவர். அது ஏழாம் நூற்றாண்டு மன்னர் ரெட்வால்டின் ஈமக் கப்பல் என்பது பெரும்பான்மைக் கருத்து. அதில் கிடைத்த பொன் அணிகளில் பதித்த செம்மணிக் கற்கள் இந்தியா, இலங்கைப் பகுதிகளிலிருந்து சென்றிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். புதையல் தமக்கே உரியது என்று தீர்ப்பான பின்னும் பிரெட்டி அதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்தார்.

பிளாக்ஸ்ஹால் முதியவர்கள்

இரண்டாம் உலகப்போருக்குப் பின், ஜார்ஜ் எவார்ட் எவன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு எழுத்தாளர், பள்ளி ஆசிரியையான தம் மனைவியின் பணியிடமான பிளாக்ஸ்ஹால் கிராமத்தில் குடியேறினார். அண்டை வீட்டு முதியவர்களிடம் பேசியபோது, குதிரை ஏர் காலத்தின் கடைசித் தலைமுறை இது என்று உணர்ந்தார். அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டார். 1956இல் முதல் நூல் வெளிவந்தது.

அறுவடைக்குக் கூலியாட்கள் தங்களுக்குள் ஒருவரை 'அறுவடைப் பிரபு' ஆகத் தேர்ந்தெடுப்பார்கள். பண்ணைக்காரரிடம் கூலி பேசுபவர் அவரே. அரிவாள் வரிசையில் முதலில் செல்பவரும் அவரே. இரண்டாமவர் ஆணாக இருந்தாலும் அவருக்குப் பெயர் 'சீமாட்டி'. கதிர் பொறுக்கப் பெண்களும் குழந்தைகளும் மணி அடித்த பிறகே வயலில் இறங்கலாம். ஏழை வீட்டின் குளிர்கால மாவு அதிலிருந்து வந்தது.

குதிரைக்காரர்களிடம் ஓர் இரகசியமும் இருந்தது. தேரையின் எலும்பை நள்ளிரவில் ஓடையில் இட்டு, நீரோட்டத்தை எதிர்த்து மிதக்கும் துண்டை வைத்திருப்பவனுக்கு எந்தக் குதிரையும் அடங்கும் என்பார்கள். எவன்ஸ் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்ததில் உள்ளிருந்த நுட்பம் வெளிப்பட்டது: குதிரைக்கு மோப்பம் மிகுதி, அதற்குப் பிடித்த எண்ணெய்களும் வெறுக்கும் வாசனைகளுமே வேலை செய்தன. எலும்பு அந்தத் தொழிலறிவை மறைத்த திரை.

டிராக்டர் வந்ததும் இவ்வறிவுக்கு வேலையில்லாமல் போயிற்று. செம்பழுப்பு நிற சஃபோக் பஞ்ச் குதிரைகளில் 1966இல் பதிவான குட்டிகள் ஒன்பது மட்டுமே. பின்னர் ஆர்வலர்கள் முயன்று அந்த இனத்தைக் காத்துவருகின்றனர். எவன்ஸ் ஒலிநாடாவில் பதிந்த முதியவர்களின் குரல்கள், அவர்களுடைய சஃபோக் வட்டார வழக்கு மாறாமல், பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.