கவுலும் காவல் எல்லையும்

செங்கற்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து மதுராந்தகம் நோக்கிச் செல்லும் தென்திசைப் பெருஞ்சாலையில் உள்ள படாளத்தை, சர்க்கரை ஆலை இருக்கும் ஊர் என்று கரும்பு பயிரிடுவோர் அறிவர். வேடந்தாங்கலுக்குத் திரும்பும் கூட்டுரோடு என்று பறவை பார்க்கப் போகும் பிரயாணிகள் அறிவர். சரித்திரம் உள்ள ஊர் என்று அதை யாரும் சொல்லிக் கேட்பதில்லை. ஆயினும் இவ்வூரை நடுவாக வைத்துச் சுற்றுப்புறத்தை நோக்கினால், முன்னோர் விட்டுச் சென்றதை ஒரு ஜனசமூகம் எவ்வாறு காத்தது, எவ்வாறு கைவிட்டது, காப்பதற்கென்று செய்த ஏற்பாட்டினாலேயே அங்குக் குடியிருப்போரை எவ்வாறு வருத்தியது என்ற மூன்று விதமான சரித்திரங்களும் ஒரு நாள் பிரயாணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. தாம்பரத்துக்குத் தெற்கே தொடங்கிய வீட்டுமனைக் கற்கள் மறைமலைநகரையும் மகேந்திரா நகரையும் கடந்து, நெல் விளைந்த வயல்களில் வண்ணம் பூசிக்கொண்டு தெற்கே இறங்கி வரும் இந்தக் காலத்தில், அம்மூன்றையும் ஒருசேர வைத்து ஆராய்வது அவசியமென்று நினைக்கிறேன்.

கைவிட்டதை முதலில் சொல்லிவிடலாம்; அது நீண்ட கதையல்ல. படாளத்துக்கு அடுத்த கருங்குழியில், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிப் போரிட்ட ஒரு கோட்டை இருந்தது. கும்பினியார் காலத்தில் அவ்வூர் கலெக்டரின் தலைமையிடமாகவும் சில காலம் விளங்கியது. விஜயநகர மன்னர்கள் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பியதும், 1752-ல் கிளைவ் கைப்பற்றியதுமான செங்கற்பட்டுக் கோட்டைக்கு நேர்ந்ததோ இன்னும் வருந்தத்தக்கது. ஏரியும் சதுப்பும் அரணாகச் சூழ்ந்த அந்தக் கோட்டையின் நடுவிலேயே இருப்புப்பாதையைப் போட்டுவிட்டார்கள். கொளவாய் ஏரிக்கரையை ஒட்டி ரயிலில் செல்லும் பல்லாயிரம் பேருக்குத் தாம் ஒரு கோட்டையின் உள்ளே பிரயாணம் செய்கிறோம் என்பது தெரியாது. 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாகி, அலுவலகங்களுக்கும் சாலைகளுக்கும் இடம் தேடப்பட்டபோதும், அந்தக் கோட்டையை நகரத்தின் நிர்மாணத்தில் ஓர் அங்கமாகக் கருதவேண்டும் என்ற பேச்சு பெரிதாக எழவில்லை.

வேடந்தாங்கலின் சரித்திரம் இதற்கு நேர்மாறானது. ஆர்க்காட்டு நவாபு 1763-ல் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்த இந்தப் பிரதேசத்தை 1794 முதல் 1798 வரை நிர்வகித்த லயனல் பிளேஸ் என்ற கலெக்டரை, மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கோயிலின் ஐதிகத்தால் தமிழ் மக்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வேடந்தாங்கல் ஏரியின் கடப்ப மரங்களில் மழைக்காலத்தில் வந்து கூடு கட்டும் நாரைகளையும் கொக்குகளையும், செங்கற்பட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் சுட்டு வீழ்த்தினார்கள் என்றும், ஊரார் கலெக்டரிடம் சென்று முறையிட்டார்கள் என்றும், இந்த ஏரியில் பறவைகளை யாரும் துன்புறுத்தலாகாது, தடுக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று அவர் 1798 வாக்கில் கவுல் என்னும் உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஊராரின் முறையீட்டுக்குக் காருண்யம் ஒன்றே காரணமன்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் வேறு எரு வேண்டாம் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். தங்கள் ஜீவனத்தோடு பிணைந்திருந்த ஒன்றைக் காக்கும் அதிகாரத்தைத்தான் அவர்கள் கேட்டார்கள். சர்க்கார் அந்த ஏரியை முறைப்படி சரணாலயமாக ஏற்றுக்கொண்டது 1936-ல். அதற்கு முன் சென்ற நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் காவல் காத்தவர்கள் கிராமத்தார். பறவைகள் கூட்டில் இருக்கும் மாதங்களில் பட்டாசு வெடிக்காத தீபாவளி அவ்வூரில் ஒரு சம்பிரதாயமாகவே வேரூன்றியிருக்கிறது. சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர்ச் சுற்றெல்லையைச் சுருக்கும் யோசனை 2020-ல் வந்தபோது எழுந்த எதிர்ப்பின் வலிமைக்குப் பின்னால், இந்தக் காவலின் பழமையும் இருந்தது.

இனி மாமல்லபுரத்துக்கு வருவோம். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் அருச்சுனன் தபசும் உலகறிந்தவை. அவற்றின் அழகைப்பற்றி எழுதியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்தச் சிற்பங்களுக்கு இடையில் ஓர் ஊர் இருக்கிறது என்பதை அவர்களில் அநேகர் சொல்லாமல் விட்டார்கள். மலைக்குக் கிழக்கே தலசயனப் பெருமாள் கோயிலும் அதன் மாட வீதிகளும் இருக்கின்றன. பூதத்தாழ்வாரின் அவதார ஸ்தலமும் திருமங்கையாழ்வாரின் மங்களாசாசனம் பெற்றதுமான கடல்மல்லை இது. பல்லவர் காலத்துத் துறைமுகம் ஒடுங்கிய பின்னும் உற்சவமும் சந்தையும் மீன்பிடிப்பும் நடந்த ஊர். கோவர்த்தனச் சிற்பத்துக்கு முன்னால் விஜயநகர காலத்தார் ஒரு மண்டபத்தைக் கட்டிச் சேர்த்தார்கள். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலேயுள்ள பல்லவர் கோயிலிலேயே கப்பல்களுக்கு விளக்கு ஏற்றினார்கள். பழமையை அப்படியே விட்டுவைக்கவேண்டும் என்ற எண்ணம் அப்போது இல்லை. பழமையோடு சேர்ந்து வாழ்ந்தார்கள். அதனால் சேதமும் உண்டாயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மாலுமிகளின் வாயில் ஏழு கோயில்கள் என்று வழங்கிய இடத்தை நேரில் பார்த்து வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய கட்டுரை, 1788-ல் ஆசியாடிக் ரிசர்ச்சஸ் முதல் தொகுதியில் வெளியானபோது மாமல்லபுரத்துக்கு ஒரு புதிய பிறவி தொடங்கியது. அதுமுதல் அது, படம் வரைவோரும் சாசனம் படிப்போரும் தேடி வரும் இடமாயிற்று. கர்ஸன் பிரபு காலத்தில் இயற்றப்பட்ட 1904-ம் வருஷத்துச் சட்டம் சிற்பங்களைச் சர்க்கார் காவலுக்குள் கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1958-ம் வருஷத்துச் சட்டம் அதற்குப் பதிலாக வந்தது. 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அலை அரித்து உப்புக்காற்று தின்றுகொண்டிருந்த கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் பாறைகளைக் கொட்டி அணைகட்டியதும், சவுக்குத் தோப்பு வளர்த்ததும் தொல்பொருள் இலாகா செய்த மகத்தான தொண்டு. அதைக் குறைத்துப் பேசுவோர் நன்றி மறந்தவர்.

இதே காலத்தில் ஊருக்குள் வேறொன்றும் வளர்ந்தது. இன்று மாமல்லபுரத்துச் சாலைகளின் இருமருங்கிலும் கேட்கும் உளியோசை, பல்லவர் காலத்திலிருந்து இடைவிடாமல் வருவது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் சென்னை ராஜ்ய சர்க்கார் 1957-ல் இங்கே தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையத்திலிருந்து பரவியதே அதில் பெரும்பகுதி. பாண்டிநாட்டுப் பிள்ளையார்பட்டிப் பரம்பரையைச் சேர்ந்த வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவரானார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற அவர் மைந்தர் கணபதி ஸ்தபதி, பின்னாளில் கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயர வள்ளுவர் சிலையை நிர்மாணித்தார். பயின்று வெளிவந்தவர்களில் பலர் ஊரைவிட்டுப் போகவில்லை. தெருவோரம் கீற்றுக்கொட்டகை போட்டுப் பட்டறை வைத்தார்கள். அவர்களிடம் தொழில் கற்றவர்கள் அடுத்த கொட்டகை போட்டார்கள். 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அறுபதே வருஷத்தில் ஒரு தொழில் ஓர் ஊரின் அடையாளமாக வேர்பிடித்த இந்த நிகழ்ச்சியை, மாமல்லனின் சிற்பங்களுக்கு அடுத்தபடியாக வைத்துப் போற்றலாம் என்பது என் அபிப்பிராயம்.

அவ்வாறு வளர்ந்துகொண்டிருந்த ஊரின்மேல், 1992 ஜூன் 16-ந் தேதியிட்ட மத்திய சர்க்கார் அறிவிக்கை ஓர் அளவுகோலை வைத்தது. காக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து நூறு மீட்டர் வரை கட்டிடம் கட்டத் தடை. அதற்கப்பால் இருநூறு மீட்டர் வரை அநுமதி பெற்றே கட்டலாம். 2010-ல் வந்த திருத்தம் இதைச் சட்டத்துக்குள்ளேயே எழுதி, டில்லியில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தையும் ஏற்படுத்தியது. தடை எல்லைக்குள் புதிதாக எதையும் எழுப்ப முடியாது. 1992-க்கு முன்பே இருந்த வீட்டையோ, பிறகு முறையான அநுமதியுடன் கட்டியதையோ பழுது பார்க்க மட்டும் விண்ணப்பம் செய்யலாம். வயல்வெளியில் தனித்து நிற்கும் கோயிலுக்கு இந்த விதி பொருத்தமானதே. ஆனால் மாமல்லபுரத்தில் கிழக்கே கடற்கரைக் கோயில், தெற்கே ரதங்கள், நடுவில் மலை நெடுகக் குகைகள் என்று சின்னங்கள் சிதறிக் கிடப்பதால், ஒன்றன் முந்நூறு மீட்டர் மற்றொன்றன் முந்நூறு மீட்டரோடு பின்னிக்கொண்டு ஊரின் பெரும்பாகத்தை மூடிவிடுகிறது. 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி சுமார் 15,000 பேர் வாழ்ந்த ஊர் அது. தகப்பனார் கட்டிய ஓட்டு வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்ட பிள்ளைகள் தங்கள் பாகத்தில் ஒரு மாடி எடுக்க முடியாமல், ஒருவர் இருக்க மற்றவர் ஊரை விட்டுப் போவதே இதன் பலன்களில் மிகக் கொடியது. ஏனெனில் ஊரைக் காப்பது என்பது முதலில் ஊராரைத் தக்கவைத்துக்கொள்வதல்லவா? பாங்கியில் கடன் கிடைப்பதும், மனையை விற்பதும், கழிப்பறை கட்டுவதும் கூட அவர்களுக்குக் கஷ்டமாகிவிட்டன. இவ்வளவுக்கும், சர்க்கார் தன் சொந்தப் பொதுப்பணிகளைத் தடை எல்லைக்குள் செய்துகொள்ள இடம் தரும் ஒரு திருத்தத்தை மக்களவை 2018 ஜனவரியில் நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை என்பது வேறு விஷயம்.

எல்லைக்கு வெளியிலோ நிலைமை முற்றிலும் வேறு. 1998-ல் கிழக்குக் கடற்கரைச் சாலை திறந்த பிறகு, மீனவர் குப்பங்களுக்கும் மணல்மேடுகளுக்கும் இடையே விடுதிகளும் மதில்களும் தொடர்ச்சியாக எழுந்தன. முந்நூறாவது மீட்டரில் ஓர் ஏழையின் சமையலறைக்கு அநுமதி வேண்டியிருக்கிறது. அதைத் தாண்டினால் கடலையே மறைக்கும் மதிலைப்பற்றி இந்தச் சட்டம் ஒன்றும் கேட்பதில்லை. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் பாரதப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தபோது, பல வருஷங்களாக நடவாத செப்பனிடும் வேலைகள் சில வாரங்களில் நடந்தேறின. சாலைகள் விரிந்தன, சுவர்களில் சித்திரங்கள் தோன்றின, நடைபாதைக் கடைகள் அகற்றப்பட்டன. ஊருக்கு அதனால் பெருமை வந்தது உண்மை. சங்கும் பாசிமணியும் விற்றுப் பிழைத்தவர்களுக்குத் திரும்பவும் கடை போட எந்த இடம் என்ற கேள்வியும் அதோடு கூடவே வந்தது.

சென்னையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்ட பல்லாவரத்திலும் இதே துன்பத்தைக் காணலாம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கண்டெடுத்த கற்கோடரியால் இந்திய வரலாற்றுக்கு முந்திய கால ஆராய்ச்சியே தொடங்கியது. அலெக்ஸாண்டர் ரே அங்கே சுடுமண் ஈமப்பேழையைக் கண்டார். இவ்வளவு கீர்த்தி வாய்ந்த இடத்தில், பழைய ஈமக்காடுகளைச் சுற்றி விதித்த எல்லைக்குள் பட்டா நிலம் வாங்கிக் குடியேறியவர்கள், தம் காலடியில் என்ன இருக்கிறது என்று யாரும் வந்து விளக்காமலே, கட்டக்கூடாது என்ற உத்தரவை மட்டும் அறிந்தார்கள். பெருமை கொள்ளவேண்டியவர்கள் அந்தப் பூர்விகத்தையே தம் விரோதியாகக் கருதும்படி செய்வதைக்காட்டிலும் தொல்பொருளுக்கு வேறு என்ன ஆபத்து வேண்டும்?

கல்லைக் காப்பதும் குடியைக் காப்பதும் ஒன்றோடொன்று முரண்பட்டவை என்ற எண்ணமே பிழை. புதுச்சேரித் தமிழர் பகுதியில் வைசியாள் தெருவில் என்ன நடந்தது என்று பாருங்கள். திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட பழைய வீடுகளின் முகப்புகளை, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பித்தபோது, செலவில் ஒரு பங்கைத் திட்டத்தார் ஏற்க, மற்றொரு பங்கை வீட்டுக்காரர்கள் ஏற்றார்கள். குடியிருந்தவர்கள் குடியிருந்தபடியே தெரு தன் பழைய முகத்தைப் பெற்றது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பரிசும் பெற்றது. வேறு விதமாகச் செய்தால் என்னாகும் என்பதற்குத் தமிழர் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் பினாங்கு ஜார்ஜ் டவுன் சாட்சி. வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரியில் நீங்கியதும் பழைய குடித்தனக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள்; 2008-ல் உலகப் பாரம்பரிய நகரம் என்ற பட்டம் வந்தபோது, கட்டிடங்கள் அங்கேயே இருந்தன, அவற்றில் வாழ்ந்தவர்களில் பலர் இல்லை.

வேடந்தாங்கலார் பெற்ற கவுலுக்கும் மாமல்லபுரத்தார் பெற்ற அறிவிக்கைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: முன்னதில் ஊரார் உடன்படிக்கையின் ஒரு கட்சி, பின்னதில் அவர்கள் அளந்து அடைக்கப்பட்ட நிலத்தின்மேல் தற்செயலாக இருப்பவர்கள். இதை மாற்றப் புதிய சட்டம் ஒன்று வேண்டும் என்பதுகூட இல்லை. 2010-ம் வருஷத்துத் திருத்தத்திலேயே, ஒவ்வொரு சின்னத்துக்கும் அதனதன் சூழ்நிலைக்கேற்பத் தனியே துணைவிதிகள் வகுக்கவேண்டும் என்ற பிரிவு இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு அத்தகைய விதிகளை எழுதும்போது, வரைவு தமிழில் அச்சாகவேண்டும். மாட வீதியிலும் மீனவர் குப்பத்திலும் சிற்பிகளின் பட்டறைகளிலும் வாசித்துக் காட்டப்படவேண்டும். மலையின் தோற்றத்தை மறைக்காமல் எந்தத் தெருவில் எத்தனை அடி உயரம் எழுப்பலாம், ஓட்டுக்கூரைக்கும் திண்ணைக்கும் எவ்வளவு உதவித்தொகை கொடுக்கலாம், இயந்திரத்தால் கல் அறுக்கும் தூசியும் ஓசையும் வீடுகளைத் துன்புறுத்தாமல் பட்டறைகளை எங்கே தொடர்ந்து வைத்திருக்கலாம், அப்புறப்படுத்திய கடைக்காரர்களுக்கு எந்த வீதி என்பவற்றையெல்லாம் அங்கே பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டே எழுதவேண்டும். கழிப்பறை கட்டவும் ஒழுகும் கூரையை மாற்றவும் டில்லி வரை விண்ணப்பம் போகாமல், உள்ளூரிலேயே ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்லும் அதிகாரி ஒருவரை அந்த விதிகளிலேயே நியமித்துவிடவும் வேண்டும்.