தளப்பரப்புக் குறியீடும் மும்பையின் குடிசைவாழ் மக்களும்

ஒரு மனையில் எழும் கட்டடத்தின் எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி, அதனை மனையின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே தளப்பரப்புக் குறியீடு. 1964ஆம் ஆண்டின் நகர வளர்ச்சித் திட்டத்தின்வழி மும்பைக்கு வந்த இவ்வெண், குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் தெருவும் தாங்கும் அளவிற்குமேல் மக்கள் நெருங்காதிருக்க இடப்பட்ட வரம்பாகும். வரம்பாகத் தோன்றியது முப்பது ஆண்டுகளில் நாணயமாக மாறிய வரலாறு, பொதுநலன் எவ்வாறு விலைபேசப்பட்டது என்பதை அறியத் துணைசெய்யும்.

1991இல் நடைமுறைக்கு வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் தீவு நகரத்திற்கு 1.33 எனவும் புறநகர்க்குப் பெரும்பாலும் 1 எனவும் குறியீட்டை வரையறுத்தன. பெருநகரொன்றிற்கு இது மிகக் குறைந்த அளவாகும். ஆயின் வரம்பைக் கடக்கும் வாயில்களையும் அவ்விதிகளே திறந்து வைத்தன. பூங்காவிற்கோ பள்ளிக்கோ ஒதுக்கப்பட்ட நிலத்தை மாநகராட்சியிடம் ஒப்படைத்தவருக்குப் பணத்திற்கு மாறாக வளர்ச்சி உரிமைச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அதனை அவர் பிறருக்கு விற்கலாம். வாங்கியவர் புறநகரில் தம் மனைமீது கூடுதல் தளங்கள் எழுப்பலாம். கருவூலத்திற்குச் செலவில்லை. அடிப்படை அளவு தாழ்ந்திருந்தமையாலேயே கூடுதல் அளவிற்கு விலை கிடைத்தது என்பது இங்குக் கருதத்தக்கது. பற்றாக்குறையை விதியால் நிலைநிறுத்தி, அதிலிருந்து விலக்களிப்பதையே செல்வமாகக் கொள்ளும் நிலைக்கு அரசு வந்து சேர்ந்தது எனலாம். பூங்கா அமைந்தது ஓரிடம். நெரிசல் கூடியது வேறோரிடம்.

இதே விதித்தொகுப்பில் நிலத்தையே நேராகப் பெறும் வழியும் இருந்தது. நூற்பாலை நிலங்களில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, எஞ்சியது உரிமையாளருக்கு என்பது 58ஆம் விதி. 2001இல் செய்த திருத்தம், கட்டடமில்லா வெற்று நிலத்தை மட்டுமே பங்கிடத்தக்கதாக்கிற்று. 2006இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. நகரின் நடுவே ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் பற்றிய செய்தி இது.

ஊக்கப்பரப்பு முறை முழு உருப்பெற்றது குடிசைப் பகுதிகளில்தான். 1995இல் மகாராட்டிரத்தில் ஆட்சிக்கு வந்த சிவசேனை, பாரதிய சனதா கூட்டணி 40 இலட்சம் மக்களுக்கு இலவச வீடு தருவதாக வாக்களித்திருந்தது. அவ்வாண்டின் இறுதியில் குடிசை மறுவாழ்வு ஆணையம் அமைந்தது. 1995 சனவரி 1க்கு முன்பே குடியிருந்த குடும்பத்திற்கு 225 சதுர அடி வீடு, செலவு கட்டுநருடையது. மறுவாழ்விற்கெனக் கட்டும் ஒவ்வொரு 10 சதுர அடிக்கும் ஈடாகத் தீவு நகரில் 7.5, புறநகரில் 10, தாராவி போன்ற இடர்மிகு பகுதியில் 13.33 சதுர அடியை அவர் கட்டிச் சந்தையில் விற்கலாம். ஆதாயம் சந்தை விலையைப் பொறுத்ததாகலின், கட்டுநர் நாடியது நிலவிலை மிக்க இடங்களின் குடிசைகளையே. யாருக்கு வீடு தேவை என்பதைவிட எந்த மண் விலைபோகும் என்பதே முறைமையை வகுத்தது. எட்டு இலட்சம் வீடுகள் என்ற இலக்கு இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் எட்டப்படவில்லை.

அதிகம் பேசப்படாத கூறு ஒன்றும் இதில் உண்டு. நெரிசலைத் தடுக்க வந்த விதிநூல், மறுவாழ்வு மனைகளில் எக்டேருக்குக் குறைந்தது 500 வீடுகள் இருத்தல் வேண்டும் என்றது. மேல்வரம்பு இருக்க வேண்டிய இடத்தில் கீழ்வரம்பு! கட்டடங்களுக்கு இடையேயான இடைவெளி விதிகளும் இம்மனைகளுக்குத் தளர்த்தப்பட்டன. இரயில், சாலைத் திட்டங்களால் இடம்பெயர்ந்தோருக்காகக் கோவண்டி, மான்குர்துப் பகுதிகளில் எழுந்த குடியிருப்புகளும் தளர்ந்த விதிகளின் விளைவே. அவற்றில் கட்டடங்களின் நெருக்கத்தையும் கீழ்த்தளங்களில் ஒளியும் காற்றும் குன்றியதையும் காசநோயின் மிகுதியோடு 2018ஆம் ஆண்டின் ஆய்வொன்று தொடர்புபடுத்திக் காட்டிற்று.

தாராவி இம்முறைக்கு எளிதில் வசப்படவில்லை. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழர் தோல் தொழிலிலும், குசராத்திலிருந்து வந்த குயவர் மட்பாண்டத் தொழிலிலும் ஊன்றி வளர்த்த ஊர் அது. அங்கு வீடே பட்டறை; இட்லி அவித்து விற்கும் பெண்ணுக்கு அடுப்படியும் வாசலும் தொழிற்களங்கள். சதுர அடிக் கணக்கில் வாசலுக்கு இடமில்லை. 2004இல் ஒப்புதல் பெற்ற மறுவளர்ச்சித் திட்டம் பல ஏலங்களைக் கடந்து, 2022இல் அதானி குழுமம் முன்வைத்த 5,069 கோடி ரூபாய்க் கேட்பில் வந்து நின்றது. அதன்படி 2000 சனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போர்க்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. பின்னர் வந்தோர்க்கும் மேல்தளத்தில் வாழ்வோர்க்கும் தாராவிக்கு வெளியே வீடு, அதுவும் விலைக்கோ வாடகைக்கோ. மேல்தளங்களின் கணக்கில் எழும் திட்டத்தில் இலவச வீட்டுரிமை தரைத்தளத்தாருக்கே உரியதாயிற்று.