விமானத்தளமும் மூன்று வகைக் குடும்பங்களும்: கல்யாண் முகாமும் செலட்டாரும்

அயல் மண்ணில் விமானத்தளம் அமைக்கும் படை, அங்கே யார் குடும்பத்தோடு வாழலாம், யார் தனியே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது. அந்த முடிவு மூன்று வகைக் குடும்பங்களைத் தொடுகிறது. ஒன்று, சீருடைக்காரரின் குடும்பம். இரண்டாவது, அந்த வீட்டுக்குச் சமைத்தும் துணி வெளுத்தும் பிள்ளை பார்த்தும் பிழைத்த உள்ளூர்க் குடும்பம். மூன்றாவது, தளத்துக்காக வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறிய குடும்பம். முதல் வகையினர் கடிதங்களும் நினைவுக் குறிப்புகளும் நிறைய எழுதி வைத்தார்கள். மற்ற இரு வகையினரின் சுவடு ஊர்ப்பெயர்களிலும் நில வழக்குகளிலும்தான் கிடைக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க மும்பைக்கு அருகிலுள்ள டோம்பிவிலியின் சுற்றுப்புறம் பொருத்தமான இடம். கல்யாணைத் தாண்டினால் போர்க்காலப் படைமுகாமாக இருந்த உல்லாஸ்நகர். அம்பர்நாத் பக்கம் போனால் அதே போர்க்கால ஓடுபாதை கிடக்கும் நெவாளி.

விமானம் பிறக்கும் முன்பே இந்த வரலாறு தொடங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் தரைப்படையில் சாதாரணச் சிப்பாய் மணம் செய்துகொள்ள மேலதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்று மணந்தவரிலும் சிலருடைய மனைவியரே படைப்பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பிற நாடுகளுக்குச் செல்லும்போது நூறு பேருக்கு ஆறு மனைவியர், இந்தியாவுக்கு நூறு பேருக்குப் பன்னிரண்டு மனைவியர் என்பது வழக்கமான அளவு. கப்பல் ஏறும் முன் சீட்டுக் குலுக்கினார்கள். 'போகலாம்' என்ற சீட்டு வந்தவள் கணவனோடு கிளம்பினாள்; மற்றவள் கைக்குழந்தையோடு துறைமுகத்திலேயே நின்றாள். பட்டியலில் இடம் பிடித்தவளுக்கும் படைவீரர் தங்கும் பேரக்கின் ஒரு மூலையில் திரை கட்டிய இடமும் அரைப் படியளப்புமே கிடைத்தன. அந்தப் படைப்பிரிவின் துணிகளை வெளுத்து அவள் சில்லறை சம்பாதித்தாள். கணவன் காய்ச்சலில் இறந்தால் சில மாதங்களுக்கு மேல் உதவி கிடையாது. ஆகவே பல விதவைகள் துக்கம் ஆறும் முன்பே அதே படைப்பிரிவில் இன்னொருவரை மணந்தார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே காப்பு அதுதான் என்பதை மறந்துவிட்டு அவர்களைக் குறைசொன்ன அக்கால எழுத்துகளை இன்று படிக்கவே வருத்தமாக இருக்கிறது.

இந்தியாவுக்கு வந்த படைக் குடும்பங்களில் பெரும்பகுதி பம்பாயில்தான் கரையிறங்கியது. 1860களில் இதற்கென்றே குரோக்கடைல், யூப்ரடிஸ், ஜம்னா, மலபார், செராபிஸ் என்ற ஐந்து கப்பல்கள் கட்டப்பட்டன. கரையிறங்கியவர்கள் ரயிலில் தானா, கல்யாண் வழியாக மலைத்தொடர் ஏறி, நாசிக் அருகே 1861இல் அமைக்கப்பட்ட தேவ்லாலி இடைத்தங்கல் முகாமுக்குப் போனார்கள். கல்யாண் வரையிலான தடம் 1854இலேயே வந்துவிட்டது. ஊர் திரும்புபவர்களும் கப்பல் வரும்வரை தேவ்லாலியில் காத்துக் கிடந்தார்கள். மாதக்கணக்கான அந்த வெயில் காத்திருப்பில் மனம் பேதலித்தவர்களைக் குறிக்க, அந்த ஊரின் பெயரே ஆங்கிலப் பேச்சில் ஒரு சொல்லாகத் தங்கிவிட்டது. குழந்தைகளைச் சமவெளி நோய்களிலிருந்து காக்க ஹென்றி லாரன்ஸ் முன்கையெடுத்த மலைப்பள்ளிகள் 1847இல் சனாவரிலும், 1858இல் நீலகிரியிலும் எழுந்தன. நீலகிரிப் பள்ளி லவ்டேலில் இன்றும் நடக்கிறது. பெற்றோர் ஓரிடம், பிள்ளை ஓரிடம் என்ற படைக் குடும்ப ஏற்பாடு இவ்வாறு நிலைபெற்றது.

1918 ஏப்ரல் 1இல் தனிப்படையாக உருவான பிரிட்டிஷ் விமானப்படை இந்த மரபைச் சில மாற்றங்களோடு எடுத்துக்கொண்டது. குலுக்கல் போய், வயது வந்தது. இரு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அதிகாரிக்கு 30 வயதும், பிற படையினருக்கு 26 வயதும் நிறைந்தால்தான் திருமணப்படி கிடைக்கும். அதற்கு முன் மணந்தால் அந்த மனைவி படையின் கணக்கில் இல்லாதவள். வாடகையும் கப்பல் செலவும் சொந்தப் பொறுப்பு. கராச்சியின் டிரிக் ரோடு, ரிசால்பூர், பெஷாவர், குவெட்டா, அம்பாலா எனத் தளங்கள் பெரும்பாலும் வடமேற்கு எல்லையை ஒட்டியே இருந்தன. இந்திய விமானப்படையின் முதல் அணியும் 1933 ஏப்ரல் 1இல் டிரிக் ரோட்டில்தான் நான்கு வாபிடி விமானங்களோடு தொடங்கியது. எல்லைத் தளங்களில் குடும்பம் நடத்துவதன் ஆபத்து 1935 மே 31 அதிகாலையில் தெரிந்தது. குவெட்டா நிலநடுக்கத்தில் விமானப்படைக் குடியிருப்பு பெரும்பாலும் தரைமட்டமானது. இறந்தவர்களில் படையினரோடு அவர்கள் குடும்பத்தாரும் இருந்தார்கள்.

வசதியான தளம் என்று பெயரெடுத்தது சிங்கப்பூரின் வடகிழக்கிலுள்ள செலட்டார். ரப்பர்த் தோட்டத்தையும் சதுப்பையும் திருத்தி அமைத்த இத்தளத்தில் 1928 பிப்ரவரியில் நீர்விமானங்கள் வந்திறங்கின. வெள்ளைச் சுவரும் கறுப்பு மரச்சட்டமுமாக, மழைக்கு அகன்ற தாழ்வாரத்தோடு வீடுகள் எழுந்தன. தெருக்களுக்குப் பிக்காடிலி, பார்க் லேன், லங்காஸ்டர் கேட் என்று லண்டன் பெயர்களையே வைத்தார்கள். ஏழாயிரம் மைல் தள்ளி வந்த குடும்பங்களுக்கு ஊர் நினைவைத் தெருமுனையில் நட்டுவைக்கும் முயற்சி அது. அந்த வீடுகளின் பின்கட்டில் வேலைக்காரர் அறைகள் இருந்தன. இந்தியாவில் 'ஆயா' என்று அழைத்த பணிப்பெண்ணை இங்கே 'ஆமா' என்றார்கள். பெரும்பாலும் சீனப் பெண்கள். வேலியமைத்தல், ஓடுபாதைப் பராமரிப்பு, கிடங்குக் காவல், சலவை, எழுத்தர் வேலைகளில் தமிழரும் மலையாளிகளும் இருந்தார்கள். தள வாயிலுக்கு வெளியே ஜாலான் காயு என்ற சிற்றூர் வளர்ந்தது. மலாய் மொழியில் அதற்கு மரச்சாலை என்று பொருள். தளத்தைக் கட்டிய பொறியாளர் ஒருவரின் குடும்பப்பெயரை மொழிபெயர்த்து வைத்த பெயர் என்பார்கள். தளத்தின் சம்பளத்தை நம்பி எழுந்த அந்தக் கடைத்தெரு பின்னாளில் பரோட்டாக்கடைகளுக்குப் பெயர்பெற்றது.

போர் இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. 1941 டிசம்பர் 8 அதிகாலை ஜப்பானியக் குண்டுகள் செலட்டாரிலும் விழுந்தன. அடுத்த வாரங்களில் பெண்களும் குழந்தைகளும் கப்பல் கப்பலாக வெளியேறினார்கள். 1942 ஜனவரி இறுதியில் வெஸ்ட் பாயிண்ட் என்ற அமெரிக்கக் கப்பல் படைக் குடும்பங்கள் உள்ளிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சிங்கப்பூரிலிருந்து ஏற்றிக்கொண்டு, கொழும்பைத் தொட்டுப் பம்பாய் வந்தது. ஆமாக்களும் சலவைக்காரர்களும் சிங்கப்பூரிலேயே விடப்பட்டார்கள். பிப்ரவரி 15இல் நகரம் வீழ்ந்தது.

சிங்கப்பூர் கைவிட்டுப் போனதும் இலங்கையும் மேற்கு இந்தியாவும் படைக்குப் பின்புலமாயின. இலங்கையின் தென்கரையில் கொக்கலை கிராமத்தை நீர்விமானத் தளமாக்க, ஊரார் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டு வீடுகள் இடிக்கப்பட்டன. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பிய மிகச் சிலவற்றுள் ஒன்று. அது இன்று அருங்காட்சியகத்தின் பகுதி. பம்பாய்ப் பகுதியில் சாந்தாகுரூஸ் விமானத்தளமானது. கல்யாணுக்கு அப்பால் பெரிய இடைத்தங்கல் முகாம் எழுந்தது. நெவாளி சுற்றுவட்டாரத்தின் 17 கிராமங்களில் 1,600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் 1942 வாக்கில் ஓடுபாதைக்காக எடுக்கப்பட்டது. ஆக்ரி சமூகத்தாரும் பிற உழவர்களும் நெல் விளைவித்த நிலம் அது. போர் முடிந்ததும் நிலம் திரும்பும் என்று சொல்லித்தான் வாங்கினார்கள் என்பது அவர்களின் வழிவந்தோர் இன்றளவும் சொல்வது.

இந்தப் போர்க்காலத் தளங்களில் குடும்பத்துக்கு இடமே இல்லை. நீண்ட பேரக்குகளில் வரிசைக் கட்டில்கள், பொதுச் சமையல், பொதுக் கழிப்பிடம். மனைவி மக்கள் என்பவர்கள் வாரக்கணக்கில் தாமதமாக வரும் கடிதத்தில் மட்டும் இருந்தார்கள். போர் முடிந்தும் ஊருக்கு அனுப்பாமல் வைத்திருந்ததால், 1946 ஜனவரியில் டிரிக் ரோட்டில் பிரிட்டிஷ் விமானப்படையினரே வேலைநிறுத்தம் செய்தார்கள். அது இந்தியாவின் பல தளங்களுக்கும் இலங்கைக்கும் செலட்டாருக்கும் பரவியது. உணவும் உறைவிடமும் பற்றிய குறைகள் அதில் இருந்தாலும், முதல் கோரிக்கை வீடு திரும்புவதுதான். அடுத்த மாதம் பம்பாயில் வெடித்த இந்தியக் கடற்படைக் கிளர்ச்சியைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்னோட்டமான இந்த வேலைநிறுத்தத்துக்கு வரலாற்று நூல்களில் இன்னும் கூடுதல் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

படை கிளம்பியதும் கல்யாண் முகாம் காலியானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேரக்குகள் நின்றன. பிரிவினையில் சிந்துவை விட்டு வந்தவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை அரசு அங்கே குடியேற்றியது. 1949 ஆகஸ்ட் 8இல், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி அந்த ஊருக்கு உல்லாஸ்நகர் என்ற பெயரோடு அடிக்கல் நாட்டினார். தனி ஆண்களுக்காகக் கட்டிய கூடத்தைக் குடும்பங்களுக்கான வீடாக்குவது எளிதாக இருக்கவில்லை. ஒரு பேரக்கைத் துணியாலும் சாக்காலும் தடுத்துப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டன. பின்பு தடுப்புகள் சுவர்களாயின. பொதுக் குழாயும் பொதுக் கழிப்பிடமும் அப்படியே இருந்ததால், தண்ணீருக்கும் மறைவுக்கும் பெண்கள் பட்ட பாடு அதிகம். அப்பளம் இட்டும் இனிப்பு செய்தும் ரயிலில் விற்றும் தொடங்கிய பிழைப்பு, பின்னர் பட்டறைகளாகவும் கடைகளாகவும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்து வரையான முகாம் எண்கள் இன்றும் அங்கே முகவரி. கேம்ப் நம்பர் 3 என்றால் ரிக்‌ஷாக்காரர் வேறெதுவும் கேட்பதில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை கட்டுப்படியாகாமல் டோம்பிவிலிக்கு வந்து சேர்ந்த தமிழர்களுக்கு உல்லாஸ்நகர் மலிவான துணிக்கும் மரச்சாமானுக்கும் போகும் சந்தை. தாங்கள் நடக்கும் சந்துகள் ஒருகாலத்தில் பேரக் வரிசைகளாக இருந்தவை என்பது அவர்களில் பலர் அறியாதது.

அதே ஆண்டுகளில் உலகின் பிற பகுதிகளில் படைக் குடும்பங்கள் முன்னெப்போதும் இல்லாத அளவில் கடல் கடந்தன. அமெரிக்கப் படையினரின் மனைவி மக்கள் 1946இல் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கென்று அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் அந்த ஆண்டே திறந்தன. சிங்கப்பூரில் செலட்டாரோடு சாங்கியும் தெங்காவும் பெரிய குடும்பத் தளங்களாயின. சாங்கியின் ஓடுபாதையே ஜப்பானியர் போர்க்கைதிகளைக் கொண்டு போடவைத்தது. தளத்துக்குள் வீடு கிடைக்காதவர்கள் சிராங்கூன் கார்டன்ஸ் போன்ற குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டரை, மூன்று ஆண்டு பணிக்காலம். மனைவிக்கு இங்கிலாந்தில் ஒருபோதும் வாய்க்காத வேலையாள், பிள்ளைக்கு நீச்சல்குளம், பிற்பகலோடு முடியும் அலுவல். ஆனால் ஊரில் தாய் இறந்தால் செய்தி வந்து சேரும். ஆள் போய்ச் சேர முடியாது. ஒவ்வொரு மாற்றலிலும் பிள்ளை ஒரு பள்ளியையும் சிநேகிதர்களையும் விட்டுவந்தது. ஆமாவிடமே வளர்ந்த குழந்தைகள் பலருக்கு அவளைப் பிரிவது தாயைப் பிரிவது போலிருந்தது. அவள் பக்கத்திலோ, அந்தப் பிரிவுக்குப் பின் அடுத்த குடும்பத்திடம் காட்ட ஒரு சிபாரிசுக் கடிதம் எஞ்சியது.

எல்லாத் தளமும் இப்படியில்லை. மாலத்தீவின் தென்கோடி அட்டு பவளத்தீவிலுள்ள கான் தீவில் பிரிட்டிஷ் விமானப்படை 1957 முதல் 1976 மார்ச் வரை இருந்தது. அது குடும்பமற்ற பணியிடம். அங்கிருந்த தீவுக் குடும்பங்கள் பக்கத்துத் தீவான ஃபேதூவுக்கும், ஃபேதூக்காரர் மரதூவுக்கும் பெயர்க்கப்பட்டார்கள். இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்திலுள்ள டியேகோ கார்சியாவில் நடந்தது இன்னும் கொடியது. 1968க்கும் 1973க்கும் இடையில் சாகோஸ் மக்கள் மொத்தமாகத் தீவுகளைவிட்டே அகற்றப்பட்டார்கள். அவர்களில் பலருடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தென்னந்தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். படையினர் சொந்தக் குடும்பங்களை அழைத்துவராத தளங்களுக்காகவே பிறர் குடும்பங்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டன என்பது இந்த இரு தீவுகளிலும் கண்கூடு.

விலகலும் குடும்பங்களின் மேல்தான் இறங்கியது. இலங்கையில் நீர்கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கத் தளமும் திருகோணமலையின் சீனன்குடாவும் 1957இல் பண்டாரநாயக்க அரசின் கைக்கு வந்தன. 1968 ஜனவரியில் பிரிட்டன், சூயசுக்குக் கிழக்கிலிருந்து 1971க்குள் வெளியேறப்போவதாக அறிவித்தது. சிங்கப்பூரின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தளங்களைச் சார்ந்திருந்த நேரம் அது. ஆயிரக்கணக்கான உள்ளூர்ப் பணியாளர்கள் வேலையிழக்க, அரசு மறுபயிற்சித் திட்டங்களை அவசரமாகத் தொடங்கியது. வேலை அனுமதிச் சிக்கலில் தமிழ், மலையாள முதியவர்கள் பலர் முப்பது ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த ஊர்களுக்குக் கப்பலேறினார்கள். செலட்டார் 1971 மார்ச்சில் மூடப்பட்டது.

இந்திய விமானப்படை வெளிநாட்டில் இத்தகைய குடும்பத் தளம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் குவார்ட்டர்ஸ், மெஸ், கேன்டீன் என்ற அமைப்பை அப்படியே வாங்கிக்கொண்டது. தாம்பரத்திலோ சூலூரிலோ தொடங்கும் தமிழ்க் குடும்பத்துக்கு பஞ்சாபின் ஆதம்பூரும் அசாமின் தேஜ்பூரும் மொழியளவில் அயல்நாடே. இரும்பு டிரங்குப் பெட்டியில் வீட்டை மடித்து வைத்து, இட்லி அரிசிக்கு ஆள் தேடி, பிள்ளைக்கு மூன்றாம் மொழியாக வந்த இந்தியை முதல் மொழி போலப் படிக்க வைத்தது அந்தக் குடும்பம். மாற்றல் பிள்ளைகளின் படிப்புச் சிக்கலுக்கு விடையாக, 1963இல் 20 ரெஜிமென்ட் பள்ளிகளை மத்தியப் பள்ளிகளாக மாற்றியதிலிருந்து கேந்திரிய வித்யாலயாக்கள் பிறந்தன. எல்லைப்பகுதிப் பணிக்குக் கணவர் போகும்போது, மனைவி மக்கள் வேறொரு நிலையத்தில் தங்கத் தனிக் குடியிருப்பும் இப்போது உண்டு. 19ஆம் நூற்றாண்டின் துறைமுகத்தில் கைவிடப்பட்டவளுக்குக் கிடைக்காத உரிமை அது.

நெவாளியின் கணக்கு மட்டும் தீரவில்லை. ஓடுபாதை நிலம் சுதந்திரத்துக்குப் பின் பாதுகாப்பு அமைச்சகத்திடம் போனது. ஆனாலும் கிராமத்தார் அதில் தொடர்ந்து பயிர் செய்துவந்தார்கள். 2017இல் கடற்படை அங்கே மதில் கட்டத் தொடங்கியது. ஜூன் 22 அன்று உழவர்கள் சாலைகளை மறித்தார்கள். போலீஸ் வாகனங்கள் எரிந்தன. இரு தரப்பிலும் பலர் காயமடைந்தார்கள். 1942இல் நிலம் கொடுத்தவர்களின் பேரன் பேத்திகள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.