டாபர்ட் விடுதியும் அதன் விடுதிக்காரரும்

இலண்டன் மாநகருக்குத் தெற்கே, தேம்ஸ் ஆற்றின் மறுகரையில் உள்ள சதர்க், இடைக்காலத்தில் விடுதிகளின் ஊராக விளங்கியது. ஆற்றைக் கடந்து நகருக்குள் செல்ல நெடுங்காலம் ஒரே பாலமே இருந்தது. இரவில் அதன் வாயில் அடைபடும். பொழுது சாய்ந்து வந்தவர்கள் தென்கரையிலேயே தங்கினர். கேன்டர்பரித் திருத்தலத்துக்குச் செல்வோரும் அங்கிருந்தே புறப்பட்டனர். அவ்விடுதிகளுள் ஒன்று டாபர்ட். அரசவைக் கட்டியக்காரர் அணியும் மேலங்கியின் பெயர் அது. இதனைச் சத்திரம் என மொழிபெயர்க்க நாம் தயங்குகிறோம். நம் சத்திரங்கள் அறங்கருதி எழுந்தவை. இதுவோ காசுக்கு இடமும் உணவும் விற்ற இடம். இத்தனைக்கும் அது வின்செஸ்டரைச் சேர்ந்த ஹைட் மடத்துத் தலைவரின் உடைமை.

ஜெஃப்ரி சாசர் தம் 'கேன்டர்பரி கதைகள்' நூலில் பயணிகளை இங்கேதான் ஒன்றுகூட்டுகிறார். வழிநெடுகக் கதை சொல்லலாம் என்ற யோசனையை முன்வைப்பவர் விடுதிக்காரரே. சிறந்த கதை சொல்பவருக்கு, திரும்பி வந்ததும் இதே விடுதியில் மற்றவர் செலவில் விருந்து என்கிறார். வணிகரின் கணக்குத் தவறவில்லை!

நூலில் அவர் பெயர் ஹாரி பெய்லி. இவர் வெறுங்கற்பனையா? 1376, 1378 ஆம் ஆண்டுகளின் நாடாளுமன்றங்களில் சதர்க்கின் சார்பில் ஹென்றி பெய்லி என்பவர் அமர்ந்திருந்தார். 1381 ஆம் ஆண்டின் குடியானவர் கிளர்ச்சியை மூட்டிய தலைவரி ஒன்று உண்டு. அதன் பட்டியலில் விடுதிக்காரர் ஹென்றி பெய்லிஃப், தம் மனைவி கிறிஸ்டியனுடன் 2 ஷில்லிங் செலுத்தியதாகப் பதிவாகியுள்ளார். ஆய்வாளர் பலர் இவர்களை ஒருவராகவே கொள்வர். ஆயினும் கவிதையில் விடுதிக்காரர் மனைவியின் பெயர் குட்லீஃப் என்றே பலரும் படிக்கின்றனர்; அவள் சண்டைக்காரியும்கூட. ஊரறிந்த மனிதரைப் பாத்திரமாக்கிய கவிஞர், இல்லாளின் பெயரை மட்டும் மாற்றியிருக்கலாம் என்பது நம் கருத்து. இலக்கியத்தைச் சான்றாகக் கொள்வோர் இத்தகைய இடத்தில்தான் நின்று பார்க்க வேண்டும்.

1676 ஆம் ஆண்டுப் பெருந்தீயில் டாபர்ட் அழிந்தது. மீண்டும் கட்டப்பட்ட விடுதி, டால்பட் என்னும் வேட்டைநாயின் பெயரைப் பெற்றது; அறியாமையால் விடுதிக்காரர் செய்த மாற்றம் என ஜான் ஆப்ரி கடிந்தார். இருப்புப்பாதை வந்ததும் குதிரைவண்டிப் பயணம் ஓய்ந்தது. 1873 இல் அக்கட்டடமும் இடிக்கப்பட்டது. அதே தீயில் எரிந்து மீண்டும் எழுந்த, அருகிலுள்ள ஜார்ஜ் விடுதியின் ஒரு பக்கம் மட்டும் இன்றும் நிற்கிறது. 1937 முதல் அது தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. டாபர்ட் இருந்த இடத்தின் சந்துக்கோ இன்றும் டால்பட் முற்றம் என்றே பெயர்.