பதம் என்னும் கூட்டுக் கலை

ஒரு கலைப்படைப்பைக் கண்டதும் அதனை ஆக்கியவர் யார் எனக் கேட்பது நம் வழக்கம். சதிராட்டத்தில் இடம்பெற்ற பதத்தைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு ஒருவர் பெயரை மட்டும் விடையாகக் கூற இயலாது.

17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ஷேத்ரக்ஞர் தெலுங்கு மொழியில் பதங்கள் பல இயற்றினார். அவற்றில் பேசுபவள் பெரும்பாலும் ஒரு பெண். அவள் உள்ளத்தில் நிற்பவன் முவ்வ கோபாலன். ஊடலும், காத்திருத்தலும், கூடலின் நினைவும் அங்கே ஒளிவின்றிப் பேசப்படுகின்றன. எனினும் தலைவன் தெய்வமே. ஆண்டாளையும் நம்மாழ்வாரின் நாயகி பாவத்தையும் அறிந்த நமக்கு இது புதிதன்று. காமமா, பக்தியா என்று பிரித்துக் கேட்டால் பதம் விடை தாராது.

புலவன் தந்த சொல்லுக்கு உயிர் தந்தவர்கள் தேவதாசி மரபில் வந்த பெண்கள். வீணை தனம்மாளின் (1867–1938) இல்லத்தில் இப்பதங்கள் தாயிடமிருந்து மகளுக்குச் செவிவழியே சென்றன. அவருடைய பெயர்த்தி பாலசரஸ்வதி, தஞ்சை நால்வரின் வழித்தோன்றலாகிய கந்தப்பப் பிள்ளையிடம் பயின்று, 1925-ல் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். பின்னாளில் அன்னை ஜயம்மாள் பாட, மகள் அபிநயிப்பார். ஒரே அடியைத் தாய் பன்முறை பாடுவார். ஒவ்வொரு முறையும் மகளின் முகமும் கையும் வேறொரு பொருளை உரைக்கும். புலவன், ஆசான், பாடுவோர், ஆடுவோர், மிருதங்கம் வாசிப்போர் ஆகிய அனைவரும் கூடியே பதம் பிறந்தது.

இதனிடையே காலம் மாறியது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டம் வந்தது. பெண்ணின் உரிமையைக் காத்த அச்சட்டம் தேவையானதே. ஆயினும், வழக்கத்தின் மீது விழுந்த பழி கலையின் மீதும், அதனைக் காத்த குடும்பங்களின் மீதும் விழுந்தது. 1935-ல் அடையாற்றில் ஆடி, நடனத்திற்குப் புதிய மதிப்பைத் தேடித்தந்த ருக்மிணி தேவி, சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியை முன்னிறுத்தினார்.

பாலசரஸ்வதி இதற்கு உடன்படவில்லை. 1975-ல் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய உரையில், சிருங்காரமே ரசங்களுள் தலையாயது என்றும், அதனைத் தூய்மைப்படுத்த வேண்டுவதில்லை என்றும் அவர் நிலைநாட்டினார். ஆடல் நிகழ்ச்சியைக் கோயிலாக உருவகித்து, பதம் ஆடுமிடத்தைக் கருவறையாகக் காட்டினார்.

அக்கருவறையைப் போற்றுவோர், அதனை எழுப்பிய பெண்களின் கைகளையும் மறவாதிருத்தல் வேண்டும்.