பெர்மிட்டின் விலை

2010 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொறியியல் கடைசி வருஷத் தேர்வை எழுதி முடித்துவிட்டு, கேம்பஸில் கிடைத்த வேலைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் திண்டிவனத்தில் வீட்டில் கிடந்தேன். பெரியப்பா கையில் பேப்பரோடு வந்து, "கெளம்புடா, விழுப்புரம் போயிட்டு வருவோம்" என்றார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "சன் டிவிக்காரர் பிளேன் கம்பெனி வாங்கிட்டாரு. நம்ம கிட்ட அதுல ஐந்நூறு பங்கு இருக்கு" என்றார்.

பெரியப்பா விழுப்புரத்தில் போக்குவரத்துக் கழகத் தலைமை அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் இருந்த காலத்தில் சேர்ந்தவர். 1997இல் எல்லாக் கழகங்களின் பெயரும் மாறியபோதும் அதே நாற்காலியில் இருந்தார். முப்பது வருஷம் தினமும் திண்டிவனம், கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, விழுப்புரம் என்று போய்வந்த மனிதருக்கு உலகத்தில் இரண்டே எண்கள்தான் முக்கியம். ஒரு கிலோமீட்டருக்கு என்ன வசூல், ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவு. கிராஜுவிட்டி பணத்தில் ஒரு பகுதியை அந்த வருஷத் தொடக்கத்தில் ஸ்பைஸ்ஜெட் பங்கில் போட்டிருந்தார். ஐம்பது ரூபாயைத் தாண்டிய விலை. "பஸ்ஸு தெரிஞ்சவனுக்கு பிளேனு தெரியாதா" என்பது அவர் வாதம்.

விழுப்புரத்தில் கிழக்குப் பாண்டி ரோட்டுப் பக்கம் அவர் நண்பர் இருந்தார். பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் பேங்க் மாமா என்போம். அவரிடமும் அதே பங்கு இருந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் மூன்று மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தேன். அந்தச் சண்டை எதைப் பற்றியது என்பது எனக்கு முழுதாகப் புரிய ஐந்து வருஷம் ஆயிற்று.

விஷயம் இதுதான். கலாநிதி மாறன், கான்சாக்ரா குடும்பத்திடமும் அமெரிக்க முதலீட்டாளர் வில்பர் ராஸின் நிதியிடமும் சேர்த்து ஸ்பைஸ்ஜெட்டின் சுமார் 37.7 சதவீதத்தை வாங்க ஒப்பந்தம் போட்டார். பங்குக்கு 47 ரூபாய் 25 காசு. பட்டியலிட்ட ஒரு கம்பெனியின் கட்டுப்பாடு கை மாறினால், வாங்குகிறவர் மற்ற பங்குதாரர்களிடமும் "நீங்களும் விற்கிறீர்களா" என்று கேட்க வேண்டும் என்பது செபியின் விதி. ஓப்பன் ஆஃபர் என்பார்கள். அப்போது குறைந்தது 20 சதவீதப் பங்குகளுக்குக் கேட்க வேண்டும். 2011இல் அது 26 ஆயிற்று. பேரம் பேசிய விலை, கடந்த சில வாரங்களின் சந்தைச் சராசரி ஆகியவற்றில் எது அதிகமோ அதைத் தர வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டு வந்த விலை 57 ரூபாய் 76 காசு.

"கம்பெனியையே கையில வெச்சிருந்தவனுக்கு நாப்பத்தேழு. ஐந்நூறு பங்கு வெச்சிருக்கிற உனக்கும் எனக்கும் ஐம்பத்தேழா? இது என்ன கணக்கு சார்?" என்றார் பெரியப்பா.

"அதனாலதான் குடுத்துடணும்னு சொல்றேன். வெவரம் தெரிஞ்சவன் நாப்பத்தேழுக்கு வித்துட்டுப் போறான்" என்றார் பேங்க் மாமா.

"வெவரம் தெரிஞ்ச இன்னொருத்தன் வாங்குறானே."

பேங்க் மாமா பங்குகளைக் கொடுத்தார். பெரியப்பா கொடுக்கவில்லை. 2006இல் 875 ரூபாய்க்கு வெளியான சன் டிவி பங்கை வாங்காமல் விட்ட ஏக்கம் அவருக்கு உண்டு. அதை இங்கே ஈடுகட்டலாம் என்று நினைத்திருப்பார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியப்பா ஒரு விஷயம் சொன்னார். எங்கள் பக்கம் தனியார் பஸ் கை மாறும்போது "ரூட்டோட வித்துட்டார்" என்பார்கள். இரும்பு, டயர், இன்ஜின் எல்லாம் ஒரு விலை. பெர்மிட் அதற்கு மேல் தனி விலை, பல சமயம் பெரிய விலை. ஆனால் அரசாங்கம் அந்தப் பெர்மிட்டை ரத்து செய்து ரூட்டைத் தானே எடுத்துக்கொண்டால் என்ன தரும்? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 105ஆம் பிரிவில் இருக்கிறது: பெர்மிட்டில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 200 ரூபாய். ஒரே காகிதம்தான். சந்தையில் லட்சங்கள், சட்டத்தில் இருநூறு. "பிளேனும் பெர்மிட்டு யாவாரம்தான்டா" என்றார்.

பிற்பாடு இந்திய விமானக் கம்பெனிகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்த வாக்கியம் அவர் நினைத்ததைவிடப் பொருத்தமானது என்று தோன்றியது. ஸ்பைஸ்ஜெட்டே ஒரு பழைய பெர்மிட்டின் மேல் எழுப்பப்பட்ட கம்பெனிதான். 1993இல் லுஃப்தான்ஸாவின் உதவியோடு மோடிலுஃப்ட் என்று பறக்க ஆரம்பித்து, 1996இல் நின்றுபோனது. விமானம் இல்லை, பயணி இல்லை. ஆனால் பங்குச் சந்தைப் பட்டியலில் பெயரும் உரிமமும் உயிரோடு இருந்தன. கம்பெனி ராயல் ஏர்வேஸ் என்று பெயர் மாறி, அஜய் சிங்கும் கான்சாக்ராக்களும் கைவைத்த பிறகு 2005இல் ஸ்பைஸ்ஜெட் ஆனது.

இதைவிட வெளிப்படையான உதாரணம் டெக்கான். 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்குக் கேப்டன் கோபிநாத்தின் கதை ஓரளவு தெரியும். படத்தில் கடைசியில் பெரிய முதலாளி இணைப்பு பேச வருகிறார், கதாநாயகன் மறுத்துவிடுகிறார். நிஜத்தில் அந்த இடத்தில்தான் பங்குதாரர்களின் கதை ஆரம்பிக்கிறது. ஏர் டெக்கான் 2006 மே மாதம் பொதுப் பங்கு வெளியிட்டபோது சந்தை சரிந்துகொண்டிருந்தது. விண்ணப்பக் காலத்தை நீட்டித்து, 148 ரூபாய்க்குத்தான் விற்க முடிந்தது. பட்டியலான அன்றே அதற்கும் கீழே போனது. ஒரு வருஷம் கழித்து விஜய் மல்லையாவின் யுபி குழுமம் 155 ரூபாய் விலையில் 26 சதவீதத்தை 550 கோடிக்கு வாங்கியது.

நஷ்டத்தில் ஓடிய கம்பெனிக்கு எதற்கு அந்த விலை? வெளிநாட்டுக்குப் பறக்க வேண்டுமானால் ஐந்து வருஷ உள்நாட்டு அனுபவமும் 20 விமானமும் வேண்டும் என்று அப்போது ஒரு விதி இருந்தது. கிங்ஃபிஷர் பறக்கத் தொடங்கியது 2005இல். டெக்கான் 2003 ஆகஸ்டில். கிங்ஃபிஷரை டெக்கானுக்குள் இணைத்து, பிறகு டெக்கானின் பெயரைக் கிங்ஃபிஷர் என்று மாற்றினார்கள். 2008 செப்டம்பரில் பெங்களூரிலிருந்து லண்டனுக்கு விமானம் கிளம்பியது. மல்லையா வாங்கியதில் விமானங்களும் ஊர்களும் இருந்தன, சரி. ஆனால் வேறெங்கும் விலைக்குக் கிடைக்காத சரக்கு அந்த இரண்டு வருஷ மூப்புதான். ஐந்து வருஷ நிபந்தனை 2016இல் நீக்கப்பட்டது. அதற்குள் கிங்ஃபிஷரே இல்லை.

இங்கே பேங்க் மாமாவைக் கொஞ்சம் சங்கடப்படுத்த வேண்டியிருக்கிறது. 2011 மார்ச் கடைசியில், ஸ்டேட் பேங்க் தலைமையிலான வங்கிகள் கிங்ஃபிஷருக்குக் கொடுத்த கடனில் ஒரு பகுதியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டன. மாற்றிய விலை பங்குக்கு 64 ரூபாய் 48 காசு. அன்று சந்தையில் அதே பங்கு 39 ரூபாய் 90 காசு. அடுத்த ஞாயிறு பெரியப்பா இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனார். "விதிமுறை ஃபார்முலாப்படி வர்ற வெலை, பேங்க் இஷ்டத்துக்குப் போட முடியாது" என்று பேங்க் மாமா ஆரம்பித்தார். பிறகு அவரே நிறுத்திக்கொண்டார். "எங்க பிராஞ்சில ஒரு டிராக்டர் லோனுக்கு எத்தன தடவ கொல்லைய அளந்திருப்பேன் தெரியுமா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அத்தை காபி கொண்டுவந்து வைத்தார்.

அந்தக் கடனுக்கு அடமானமாக வைத்தவற்றில் ஒன்று கிங்ஃபிஷர் என்ற பெயர். நாலாயிரம் கோடிக்கு மேல் மதிப்பு என்று ஆலோசனை நிறுவனம் ஒன்று சொல்லியிருந்தது. 2012 அக்டோபரில் விமானங்கள் நின்றன. 2016இல் வங்கிகள் அந்தப் பெயரையும் லோகோவையும் ஏலத்துக்கு விட்டபோது கேட்ட ஆரம்ப விலை 366 கோடியே 70 லட்சம். ஒருவரும் கேட்கவில்லை.

விமானக் கம்பெனியை மதிப்பிடுவது ஏன் இவ்வளவு வழுக்குகிறது? பெரியப்பாவின் பஸ் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். பஸ் வாடகைக்கு எடுத்தது, வாடகை டாலரில். டீசல் கடனுக்கு, அதன் விலையை ஊர் பேர் தெரியாத நாடுகள் நிர்ணயிக்கின்றன. அடுத்த மாதம் ஏறப்போகிற பயணியிடம் டிக்கெட் பணத்தை இன்றைக்கே வாங்கி, அதில் போன மாதச் சம்பளம் கொடுத்தாயிற்று. வசூல் மட்டும் ரூபாயில். இப்படிப்பட்ட பஸ் கம்பெனியில் சொந்தம் என்று என்ன மிச்சம்? ராத்திரி நிறுத்த இடம், கிளம்ப நேரம், பெர்மிட், பெயர். இவை எல்லாமே ஓடிக்கொண்டிருக்கும் வரை மட்டுமே விலை உள்ளவை.

2014 டிசம்பரில் இது ஸ்பைஸ்ஜெட்டில் நடந்தது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட முன்பதிவை எடுக்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கட்டுப்படுத்தியது. வருகிற பணம் சுருங்கியது. டிசம்பர் 17 அன்று எண்ணெய்க் கம்பெனிகள் கடனுக்கு எரிபொருள் தர மறுத்ததால் அன்றைக்குப் பெரும்பாலான நேரம் ஒரு விமானமும் கிளம்பவில்லை. நான் அப்போது சென்னையில் ஓஎம்ஆரில் வேலை பார்த்தேன். ராத்திரி உட்கார்ந்து எக்செல்லில் ஒரு மாடல் போட்டேன். இருக்கை கிலோமீட்டருக்கு வரவு, செலவு, பத்து வருஷ பணவரத்து, தள்ளுபடி விகிதம். எரிபொருள் விலையை ஒரு கட்டத்தில் பத்து சதவீதம் குறைத்தால் கம்பெனி பல ஆயிரம் கோடி. கூட்டினால் மைனஸ். பெருமையோடு பெரியப்பாவுக்கு அனுப்பினேன். "இதுல எந்த நம்பரு நெஜம்?" என்று போனில் கேட்டார்.

2015 ஜனவரியில் மாறனும் அவருடைய கால் ஏர்வேஸும் தங்களிடம் இருந்த 58.46 சதவீதத்தை, சுமார் 35 கோடிப் பங்குகளை, அஜய் சிங்குக்கு மாற்றிக் கொடுத்தார்கள். 2005இல் தொடங்கிய அதே அஜய் சிங். செய்திகளில் வந்த விலை மொத்தம் 2 ரூபாய். பங்குக்கு இரண்டு ரூபாய் என்று முதலில் தப்பாகப் படித்தேன். சந்தையில் அந்தப் பங்கு அப்போது 20 ரூபாயை ஒட்டி. சந்தைக் கணக்கில் 700 கோடி பெறுமான பங்குகள். சும்மா கொடுத்ததாக அர்த்தமில்லை. கூடவே கடனும் பாக்கியும் அந்தப் பக்கம் போயின. அமைச்சகம் ஒப்புக்கொண்ட மீட்புத் திட்டமாக அது நடந்ததால் இந்த முறை ஓப்பன் ஆஃபர் வரவில்லை. 2010இல் "விற்கிறீர்களா" என்று வீட்டுக்குக் காகிதம் அனுப்பிக் கேட்ட சட்டம், 2015இல் பெரியப்பாவை ஒன்றும் கேட்கவில்லை.

அவர் மறுபடி விழுப்புரம் போனார், நானும் போனேன். "இரண்டு ரூபாயா, இருபது ரூபாயா, எது சார் வெல?" பேங்க் மாமா யோசித்துச் சொன்ன பதில் எனக்கு இன்னும் சரியாகவே படுகிறது. "கம்பெனிக்கு ரெண்டு ரூவா. உன் பங்குக்கு இருவது. அவன் வாங்குனா கடனையும் கட்டணும். நீ வெச்சிருந்தா எதையும் கட்ட வேணாம். கச்சா எண்ண இறங்கினா எழுந்துக்கும்."

எண்ணெய் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. 2014 நடுவில் பேரல் நூறு டாலருக்கு மேல் இருந்தது, 2015 ஜனவரியில் ஐம்பதுக்குக் கீழ். அஜய் சிங்கின் திறமை எவ்வளவு, எண்ணெயின் தயவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த வருஷக் கடைசியில் பங்கு அறுபதைத் தாண்டியதும் பெரியப்பா விற்றார். ஐந்தரை வருஷம் முன்பு 57.76க்கு மறுத்தவர். பேங்க் மாமா அந்தப் பணத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டிருந்தார். யாருக்கு லாபம் என்று நான் வாய்திறந்து கேட்கவில்லை.

மாறன் தரப்பு வழக்கு அதன் பிறகும் ஓடியது. வாரன்ட்டுகளுக்கும் முன்னுரிமைப் பங்குகளுக்கும் போட்ட 679 கோடிக்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை என்பது புகார். 2018இல் நடுவர் தீர்ப்பாயம் 579 கோடியைத் திருப்பித் தரச் சொன்னது. 1,323 கோடி நஷ்டஈட்டுக் கோரிக்கையை நிராகரித்தது. 2023இல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி அதை உறுதி செய்தார். 2024 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2 ரூபாய்க்குக் கை மாறியதன் உண்மையான விலை என்ன என்று பத்து வருஷமாக நீதிபதிகளும் கணக்குப் போட வேண்டியிருந்தது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் மிக அருகில் உள்ள விமான நிலையம் புதுச்சேரி. ஸ்பைஸ்ஜெட் 2013இல் அங்கிருந்து பெங்களூருக்குச் சின்ன விமானம் விட்டு, ஓராண்டு அளவில் நிறுத்தியது. 2017இல் உடான் திட்டத்தில் ஹைதராபாத்துக்கு மறுபடி விட்டார்கள். மானியத்தோடு ஓடும் ரூட். பஸ்காரர்கள் பாஷையில் நஷ்ட ரூட். மறு வருஷம் பெரியப்பா முதன்முறையாக விமானம் ஏறினார், மகள் வீட்டுக்குப் போக. ஜன்னலோர சீட் கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தேன். இறங்கியதும் போன் செய்தார். மேகம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"எழுபத்தெட்டு சீட்டுடா. தல எண்ணினேன், ஐம்பத்தொண்ணு. டீசல் என்னா ஆகும்னு பைலட்ட கேக்கலாம்னு பாத்தேன், கதவத் தொறக்கல."

பேங்க் மாமாவிடமும் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். அவருக்குத்தான் முதல் போனாம்.